நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அத்தியாயம் 4

தபித்தாள் அக்காவிடம் சேர்ந்த ஐந்து வருஷத்தில், எந்தக் கேஸுக்கும் நான் வரமாட்டேன் என்று சொன்னதில்லை. மசினகுடியில் காணாமல்போன ஜீப்பைத் தேடி யானைச் சாணத்தில் முழங்கால்வரை இறங்கியிருக்கிறேன். குன்னூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் பொய் மாப்பிள்ளையைப் பிடிப்பதற்காகப் பொய் மாமனாராக உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை காலை மட்டும், ஸ்கூட்டர் பெர்ன்ஹில் ஏற்றத்தில் முக்கிக்கொண்டிருந்தபோது, வயிறு சரியில்லை என்றேன்.

"வயிறா?" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா. "காலையில எட்டு இட்லி உள்ள போறப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"அந்த எட்டாவது இட்லிதானுங்க்கா கோளாறு."

"ஏழு வரைக்கும் நம்பறேன். பேசாம ஓட்டு."

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. குன்னூர்க் கோர்ட்டில் இருபத்தைந்து வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒரு பேக்கரி மாடியில் 'தனியார் விசாரணை' என்று போர்டு மாட்டியவர். பொய்ச்சாட்சி சொல்ல வருகிறவன் கூண்டில் எந்தக் காலை முதலில் மாற்றி வைப்பான் என்பதுகூட அவருக்கு அத்துப்படி. என் வேலை வண்டி ஓட்டுவது, அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுப்பது, அக்காவுக்குச் சிரிப்பு வராத ஜோக்குகளைச் சொல்வது. இவ்வளவுக்கும் நான் எம்.ஏ. சமூகவியல்.

அந்த எம்.ஏ.தான் வினை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை நான் வாங்கியது, இப்போது போய்க்கொண்டிருக்கும் இதே கலை, சமூக அறிவியல் புலத்தில். பழைய வாத்தியார் முகத்தில் விழிக்கக் கூச்சம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. வாசலில் அதே சைப்ரஸ் மரங்கள், அதே சாரல். அறிவிப்புப் பலகையில் 'குரலற்றோரின் குரல்: இரண்டு நாள் கருத்தரங்கம்' என்று புதுசாக ஒட்டியிருந்தார்கள். புலத் தலைவர் பேராசிரியர் மோசஸ் என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து கட்டிப்பிடித்தார்.

"ஷிஜோ! மேடம், இவன் என் ஸ்டூடண்ட். இவன மாதிரி ஃபீல்டுக்குப் போறவன் இப்ப எவன் இருக்கான்? எல்லாரும் செல்போன்லயே ஆராய்ச்சி பண்றான்."

நான் சிரித்துவைத்தேன். அக்கா சிரிக்கவில்லை. "விஷயத்தச் சொல்லுங்க சார்" என்றார்.

விஷயம் இதுதான். மோசஸ் சார் எழுதிய 'அக்கரைத் தேயிலை' என்ற புத்தகம், சிலோன் தோட்டங்களிலிருந்து நீலகிரிக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் வரலாறு. பரிசு வாங்கியது. சாருக்குப் பேர் வாங்கித் தந்தது. வருஷாவருஷம் எம்.ஏ. முதல் வகுப்பே அதில்தான் தொடங்கும். நூலகத்தில் ஆறு பிரதிகள் இருக்கின்றன. வியாழக்கிழமை எடுத்துப் பார்த்தால், ஆறிலும் ஒரே ஒரு தாள் இல்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

"வேற ஒரு புத்தகத்தையும் தொடலை மேடம். எம் மேல உள்ள வயித்தெரிச்சல். பண்ணினது ஸ்டூடண்ட்டா இருந்தா டி.சி. ஸ்டாஃபா இருந்தா வேலை போகும், அதுக்கு மேல போலீஸ். திங்கக்கிழமை கிளாஸ் தொடங்குது. அதுக்குள்ள எனக்கு ஆள் தெரியணும்."

"பக்கம் இல்லாம கிளாஸ் எப்படிங்க?"

"வீட்ல என் சொந்தக் காப்பி இருக்கே! அம்பது ஜெராக்ஸ் போடச் சொல்லியிருக்கேன், மத்தியானம் வந்துடும். ஒரு தாளைக் கிழிச்சா நான் பாடத்த விட்டுடுவேனா?"

"அப்படி என்னதானுங்க இருக்குது அந்தப் பக்கத்துல?"

சாரின் குரல் தழைந்தது. "ஒரு தாயோட வாக்குமூலம் மேடம். அன்னக்கிளின்னு, கொழுந்து பறிக்கிற அம்மா. பெத்த பிள்ளைய அக்கரையிலயே விட்டுட்டுக் கப்பலேறினவங்க. பத்து வருஷமா நடத்தறேன், இன்னைக்கும் அந்த இடம் வந்தா எனக்குக் கண்ணு நனைஞ்சிடும்."

நான் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றேன். வெளியே மூட்டத்தைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

நூலகர் ஐவிக்கு முப்பது வயதிருக்கும். ஆறு புத்தகங்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

"நான் கிழிக்கலைங்க மேடம். சத்தியமா கிழிக்கலைங்க."

"நீ கிழிச்சிருந்தா ரிஜிஸ்டர்ல புத்தகத்தையே காணாமப் போக்கியிருப்பே கண்ணு. உக்காரு" என்றார் அக்கா. பிறகு அன்றைய தினத்தாளை என்னிடம் நீட்டினார். "டேய், இதுல ஒரு பக்கத்தக் கிழி."

சர்ரென்று கிழித்தேன். ஒரே இழுப்பு.

"எல்லாரும் இப்படித்தான் கிழிப்பாங்க. பிளேடு வச்சா இன்னும் சுத்தமா வரும். இப்ப இதப் பாரு."

புத்தகத்தின் நடு மடிப்பில் மிச்சமிருந்த ஓரத்தைக் காட்டினார். அது கிழிசலாகவும் இல்லை, வெட்டாகவும் இல்லை. மேலிருந்து கீழ்வரை, விரற்கடைக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கடி. ஆறு புத்தகத்திலும் அதே அளவு, அதே இடைவெளி.

"எலிங்க்கா. படிச்ச எலி" என்றேன்.

"எலி பக்கத்த எண்ணாதுடா. இது கிள்ளு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நகத்தோட நுனி. சத்தமே வராது. மத்த தாள் நலுங்கலை பாரு. தேயிலைச் செடி நோகாம ரெண்டு எலை ஒரு மொட்டுன்னு ஆயுசு பூராக் கிள்ளின கை இது."

ஐவி வாயைப் பிளந்தாள். நான் பிளக்கவில்லை. எனக்குள் வேறொன்று கிள்ளத் தொடங்கியிருந்தது.

"இந்த ரூமை யாரும்மா தெறக்கறது?"

"நான்தானுங்க மேடம். எட்டரைக்கு. பூட்டறதும் நான்தான். சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும். எனக்கு முன்னாடி ஒருத்தரும் உள்ள வரமாட்டாங்க."

"ஒருத்தரும்?"

"ஒருத்தரும் வரமாட்டாங்கங்க."

அக்கா தன் செருப்பைப் பார்த்தார். வாசலிலிருந்து மேசைவரை எங்கள் இரண்டு பேருடைய சேற்றுத் தடமும் அழகாகப் பதிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் சிவப்புத் தரை பளபளவென்று மின்னியது.

"ஒருத்தரும் வராம தரை எப்படிக் கண்ணு இவ்வளவு சுத்தமா இருக்குது?"

"அது ஆயாம்மா ஏழு மணிக்கே வந்து தொடச்சிட்டுப்..." என்று தொடங்கிய ஐவி நிறுத்திக்கொண்டாள்.

"அவங்க பேரு?"

"ஆயாம்மாங்க."

"அது வேலைங்கண்ணு. பேரு?"

ஐவி முகம் சிவந்துபோய், ஆறு வருஷமா இருக்காங்க, ஏஜென்சி ஆளுங்க, நல்லவங்க, தெனமும் எனக்கு ஃபிளாஸ்க்ல டீ கொண்டுவந்து வைப்பாங்க என்றெல்லாம் சொன்னாள். பேர் மட்டும் வரவில்லை.

"விடுங்க்கா" என்றேன். "ஊர் ஊராப் போயி பேரு கேட்டு எழுதறதுக்குத்தான் இங்க பட்டமே குடுக்கறாங்க. வாசல்ல இருக்கறவங்ககிட்டக் கேட்டா மார்க் கெடையாது."

ஐவி தலையைக் குனிந்துகொண்டாள். அவளைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

"ஆனா அக்கா," என்று வழக்கறிஞர் மாதிரி குறுக்கே விழுந்தேன், "கூட்டறவங்களுக்கு எழுத்துத் தெரியணுமே? அந்தப் பக்கத்துல என்ன இருக்குன்னு படிச்சாத்தானே கிழிக்கத் தோணும்?"

"நல்ல கேள்வி. உனக்கு வயித்து வலின்னாலும் மூளை வேலை செய்யுது." அக்கா ஆறு புத்தகங்களையும் திருப்பி அட்டையைப் பார்த்தார். ஐந்து பழுப்பு அட்டை. ஒன்று மட்டும் நீல அட்டை, இரண்டாம் பதிப்பு. "இதுல முன்னாடி சேத்த முன்னுரை எத்தனை பக்கம்?"

"ஆறுங்க மேடம்" என்றாள் ஐவி.

"அப்ப பழைய நூத்திப்பன்னெண்டு புதுசுல எங்க போயிருக்கும்?"

ஐவி நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்தாள். அன்னக்கிளியின் வாக்குமூலம் ஒரு கீறல் இல்லாமல் அங்கேயே இருந்தது. பழைய பிரதியோடு ஒப்பிட்டால், அந்தப் பிரதியில் கிள்ளப்பட்டிருந்தது ரேஷன் அரிசி அளவு பற்றிய அட்டவணை.

"பாத்தியா? எண்ணு தெரியும். எழுத்துத் தெரியாது. நூத்திப்பன்னெண்டுன்னு எங்கியோ காதுல கேட்டு, அந்த எண்ணைத் தேடித் தேடிக் கிள்ளியிருக்காங்க. கொழுந்து எடை போடறப்ப எண்ணு தெரியலைன்னா கணக்கப்பிள்ளை ஏமாத்திப்போடுவான். அதனால எண்ணை மட்டும் கத்துக்குவாங்க." அக்கா நீலப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "கண்ணாடியக் கொண்டுவரலை. படி, கேக்கறேன்."

கண்ணாடி அவர் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் படித்தேன்.

"'என் ஒன்றரை வயதுப் பிள்ளையின் பெயர் கப்பலேறும் கடதாசியில் இல்லை. பக்கத்து லயத்து வீட்டுக்காரி கையில் அவளைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினேன். மூன்று இரவுகள் கப்பலில் வந்தேன். மூன்று இரவும் மாரில் கட்டிய பாலைக் கடலில் பீய்ச்சினேன். கடலே என் பிள்ளையாகிவிட்டது. அதன்பிறகு அவளை நான் தேடவில்லை. அன்னக்கிளி, கொழுந்து பறிப்பவர், தேவாலா.'"

ஐவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா விரலை மடக்கினார்.

"மூணு ராத்திரியா? தலைமன்னார்லேர்ந்து ராமேஸ்வரத்துக்கா? எங்க சர்ச்சுல பாதிப்பேர் அந்தக் கப்பல்ல வந்தவங்கதான். காலையில ஏறினா சாயங்காலத்துக்குள்ள இந்தப் பக்கம் எறங்கிடலாம். மூணு ராத்திரி எங்க சுத்துச்சு கப்பல்? இதச் சொன்னவங்க கப்பல்ல ஏறினவங்களே இல்லடா. கப்பலைக் கண்ணுலகூடப் பாக்காதவங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது மத்தளமே அடித்தது.

அக்கா புத்தகத்தை வாங்கி, கழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கங்களைப் புரட்டினார். கோர்ட்டுப் பழக்கம். தீர்ப்பைவிட, கீழே யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார். நன்றியுரையில் ஒரு வரியின்மேல் விரலை வைத்து, என்னைப் பார்க்காமலே புத்தகத்தை மூடினார்.

"ஆயாம்மாவப் போயிப் பாக்கலாம் வா" என்றார். அவ்வளவுதான். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

*

பங்களாவின் பின்புறம், தண்ணீர்க் குழாயடியில் தரை துடைக்கும் துணியை அலசிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. அறுபதைத் தாண்டிய வயது. நீலச் சீருடைப் புடவைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர்.

"உங்க பேரு என்னங்கம்மா?" என்று அக்கா கேட்டார்.

அந்த அம்மா திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னக்கிளிங்க."

நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆறடி ஆள், ஐந்தடி அக்காவின் பின்னால் ஒளிய முடியுமா?

"தெரிஞ்சுபோச்சுங்களா?" என்றார் அன்னக்கிளி. பயம் இல்லை, களைப்புதான். "தாளெல்லாம் பத்திரமா வச்சிருக்கேங்க. எரிக்க மனசு வரல. எம் பேரு அதுல இருக்கே."

"எப்படிங்கம்மா தெரிஞ்சுது, அந்தப் பக்கந்தான்னு?"

"வராந்தாவக் கூட்டறப்ப வருஷம் ஒருக்கா காதுல விழுமுங்க. 'எல்லாரும் நூத்திப்பன்னெண்டாம் பக்கத்தத் தெறங்க'ம்பாரு சாரு. மொத தடவ எம் பேரக் கேட்டதும் வெளக்குமாத்தக் கீழ போட்டுட்டேன். அப்புறம் அஞ்சு வருஷம் கேட்டாச்சு. படிக்கறப்ப சாரு அழுவாருங்க. அழுவறவர்கிட்டப் போயி, நான் அப்படிச் சொன்னதா ஞாபகமில்லையேன்னு எப்படிங்க கேக்கறது?"

"ஆறு வருஷம் பொறுத்துட்டு இப்ப ஏனுங்க கிள்ளினீங்க?"

"எம் மவ விஜயா திங்கக்கிழம இங்க எம்.ஏ. சேர்றாங்க. பால்வாடி டீச்சரு. லீவு போட்டுட்டுப் படிக்க வர்றா." அப்போது மட்டும் அந்த முகத்தில் ஒரு பெருமை வந்துபோனது. "அவளுக்கு முன்னாடி எனக்கு ஒரு பொம்பளப் பிள்ள இருந்துச்சு. இக்கரை வந்து எறங்கி, மண்டபம் கேம்ப்புல காய்ச்சல் கண்டு செத்துப்போச்சு. அப்படித்தான் விஜயாகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். திங்கக்கிழம சாரு வேற மாதிரிப் படிப்பாரு. பெத்தவ சொல்றது நெசமா, புத்தகத்துல போட்டது நெசமான்னா, படிச்ச பிள்ள எத நம்பும் சொல்லுங்க? பிள்ளய விட்டுட்டு வந்துட்டுப் பொய் சொல்றவன்னு எம் மொகத்துல முழிக்க மாட்டா. அதான்."

"நீங்க சொன்னதுதானே நெசம்?"

அன்னக்கிளி குழாயை மூடினார்.

"அதுதானுங்க கொழப்பம். எனக்கு ஒரு பகலு கப்பல்ல வந்த ஞாபகந்தான். சாரு மூணு ராத்திரிம்பாரு. பிள்ள எம் மடியில கெடந்த ஞாபகம். சாரு அக்கரையிலம்பாரு. படிச்சவங்க எழுதினது தப்பா இருக்குமுங்களா? நாந்தான் துக்கத்துல மாத்தி ஞாபகம் வச்சிருக்கனோ, நெசமாவே விட்டுட்டு வந்துட்டுத்தான் மறந்துட்டனோன்னு படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது. தேவாலாவுல ஒரு தம்பி வந்து எழுதிட்டுப் போச்சு. அதுகிட்ட நான் என்ன சொன்னேன்னு தெரிஞ்சாப் போதுங்க."

அக்கா ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தார். அவ்வளவுதான் செய்தார். நான் வெட்டவெளியில் நின்றேன்.

அன்னக்கிளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான அது? மழைக்கு எங்க லயத்து வீட்டுல ஒதுங்கினீங்களே? கால் பூரா அட்டை. உப்பு கொண்டாந்து வச்சேன். தேத்தண்ணி குடிச்சீங்க. பேரு என்ன, எத்தன வருஷம் சர்வீசுன்னு கேட்டீங்க. மழ விட்டதும் பஸ்ஸுன்னு ஓடிட்டீங்க. அதுக்கு மேல நான் என்ன சொன்னேன் தம்பி?"

இந்த இடத்தில் நான் ஏதாவது கதை விட்டிருக்கலாம். வாய்க்குப் பஞ்சமில்லாதவன் நான். சார் ஆளுக்கு இருபது பேட்டி என்று வாக்காளர் பட்டியலோடு தேவாலாவுக்கு அனுப்பியதையும், அந்த ஊர் மழையில் ஏழு பேட்டியோடு நான் சலித்துப்போனதையும், மிச்சம் பதின்மூன்றையும் கூடலூர் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் உட்கார்ந்து நானே எழுதியதையும் எப்படி வேண்டுமானாலும் மெழுகியிருக்கலாம். கடைசிப் படிவத்துக்குச் சார் அசந்துபோகிற மாதிரி ஒன்று தேவைப்பட்டது. உப்புக் கொடுத்த அம்மாவின் பேர் ஞாபகம் வந்தது. பாலைக் கடலில் பீய்ச்சினேன் என்ற வரியை எழுதிய கையோடு, பரோட்டாவுக்கு இன்னும் கொஞ்சம் சால்னா ஊற்றச் சொன்னேன். அந்த வருஷம் களப்பணியில் முதல் மார்க் எனக்குத்தான். புத்தகம் வந்தபோது சார் ஒரு பிரதி அனுப்பினார். பயத்தில் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

"ஒண்ணுமே சொல்லலீங்கம்மா" என்றேன்.

"சொல்லலையா?"

"இல்லீங்க. பேரு மட்டுந்தான் சொன்னீங்க."

"பிள்ளய விட்டுட்டு வந்தேன்னு?"

"அது நானா எழுதினதுங்க. கப்பல், பாலு, மூணு ராத்திரி, எல்லாம் பொய்யிங்க. ஓட்டல்ல உக்காந்து எழுதினேன்."

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அன்னக்கிளி அப்படியே துவைகல்லில் உட்கார்ந்தார். ஈரக் கையைப் பார்த்தார், மடியைப் பார்த்தார்.

"அப்ப எம் பிள்ள எம் மடியிலதான் செத்துச்சு" என்றார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். "நான் விட்டுட்டு வரல. தூக்கிக்கிட்டுத்தான் வந்தேன். மடியிலதான் செத்துச்சு."

செத்த பிள்ளையைத் திரும்பக் கிடைத்த பிள்ளையாக ஒரு தாய் கொண்டாடும்படி செய்தவன் நான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சீ என்று இருந்தது. எனக்கே என்னோடு நிற்கப் பிடிக்கவில்லை.

"நன்றியுரைய யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சியாடா?" என்றார் அக்கா மெதுவாக. "'தேவாலா வாக்குமூலங்களைத் திரட்டிய என் மாணவன் ஷிஜோவுக்கு.' முழுப் பூசணிக்காயை எத்தன வருஷம் சோத்துல மறைப்பே? நட."

*

மோசஸ் சாரின் மேசையில் ஐம்பது ஜெராக்ஸ் தாள்கள் வந்து இறங்கியிருந்தன. அன்னக்கிளி கதவோரத்திலேயே நின்றுகொண்டார். சார் அவரைப் பார்த்து, "ஆயாம்மா, அப்புறமா வந்து கூட்டலாம்" என்றார்.

"அவங்க இருக்கட்டுங்க" என்றார் அக்கா.

"கண்டுபிடிச்சாச்சா மேடம்? யாரு?"

"இதுல ரெண்டு வேலை நடந்திருக்குதுங்க சார். ஒண்ணு, அந்தப் பக்கத்தக் கிழிச்சது. இன்னொண்ணு, அந்தப் பக்கத்த எழுதினது. மொத ஆளப் புடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டீங்க. நான் ரெண்டாவது ஆளப் புடிச்சாந்திருக்கேன்." என் தோளில் கை வைத்து முன்னால் தள்ளினார். "இவன்தான்."

குழாயடியில் சொன்னதைவிட இங்கே சொல்வது கஷ்டமாக இருந்தது. கட்டிப்பிடித்த வாத்தியார் அல்லவா. ஏழு பேட்டி, பதின்மூன்று பொய், அதில் பரிசு வாங்கிய பொய் எது என்பதுவரை சொன்னேன். சார் கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். அவர் ஜெராக்ஸ் தாள்களின் ஓரத்தைத் தட்டித் தட்டி நேராக்கிக்கொண்டே இருந்தார்.

"பேட்டி பதிவு பண்ணின டேப்பு எங்கேன்னு கேக்காம விட்டுட்டீங்களே சார்" என்றேன். என் தப்பில் அவருக்கும் ஒரு பங்கு கொடுக்கும் ஈனப் புத்தி, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சார் நிமிரவில்லை. "கேட்டா இல்லைன்னு சொல்லிடுவியோன்னு பயந்துதான் கேக்கலை" என்றார்.

துப்பு துலக்கவந்த இடத்தில் இப்படியொரு சத்தமில்லாத ஒப்புதல் வாக்குமூலத்தை அக்காகூட எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"சார், கிழிச்சது இந்த அம்மா" என்றார் பிறகு. "பேரு அன்னக்கிளி. போலீசுக்குச் சொல்லணும்னா ரெண்டு பேரையும் சேத்தே சொல்லலாங்க. என்ன சொல்றீங்க?"

மோசஸ் சார் எழுந்தார். கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தார். ஆறு வருஷமாகத் தன் அறையைக் கூட்டியவரை அன்றுதான் பார்த்தார் போலிருந்தது. அவர் கண் நனைந்ததா என்று நான் கவனிக்கவில்லை. நனைந்திருந்தாலும் அந்த அழுகைக்கு இனிமேல் மதிப்பில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும். ஐம்பது தாள்களையும் எடுத்து அன்னக்கிளியின் கையில் கொடுத்தார். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் கும்பிட்டார்.

"கும்பிடெல்லாம் வேணாங்க சார்" என்றார் அன்னக்கிளி. "திங்கக்கிழம விஜயா வருவா. நான் சொன்னா, எனக்காகச் சொல்றேம்பா. எழுதின தம்பி வந்து, பொய்யின்னு அத்தன பிள்ளைங்க முன்னாடியும் சொல்லட்டும். அப்பத்தான் நம்புவா."

"வர்றேங்கம்மா" என்றேன். ஐம்பது பிள்ளைகள் முன்னால் நின்று நான் யார் என்று சொல்ல வேண்டும். நினைத்தாலே காது சுட்டது. ஆனாலும் வருகிறேன் என்றேன்.

"நெசமா நடந்தத எழுதிக்குடுங்க. அதையும் படிக்கட்டும்."

சார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். நான் பேனாவைத் திறந்தேன். பன்னிரண்டு வருஷம் தாமதமாக முதல் கேள்வியைக் கேட்டேன்.

"பிள்ளை பேரு என்னங்கம்மா?"

"தெய்வம்மா. பதினோரு மாசம். கப்பல விட்டு எறங்கி மூணாம் நாள் காலையில. மண்டபம் கேம்ப்புல."

எழுதினேன். அன்னக்கிளி மேசையருகே வந்து தாளைக் குனிந்து பார்த்தார். எண்ணைத் தவிர எதுவும் அவருக்குத் தெரியாது. '11' என்ற இடத்தில் விரலை வைத்து, "இது சரி. மத்ததப் படிச்சுக் காட்டுங்க" என்றார்.

படித்தேன். "தெய்வம்மா. வயது 11 மாதம். மண்டபம் முகாமில், கப்பலிலிருந்து இறங்கிய மூன்றாம் நாள் காலை, அம்மாவின் மடியில் இறந்தாள்."

அவர் முழுவதையும் கேட்டு, இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி மேசைமேல் வைத்தார்.

"போதும் தம்பி. இதுக்கு மேல ஒண்ணும் சேக்காதீங்க."